பாத்திரங்கள் வாடகைக்கு!

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம் என்று ஓர் ஊர். பெயரைச் சொன்னாலே சோழர் கால வாசனை அடிக்கும். அந்த ஊரில் டி.வி. இருக்கிற ஏதாவது ஒரு வீட்டில், ஐந்து வயசுப் பிள்ளையைப் பிடித்து, "சோட்டா பீம் எந்த ஊருடா கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். "டோலக்பூர்!" என்று பட்டென்று பதில் வரும். என்ன சாப்பிட்டால் அவனுக்குப் பலம் வரும்? லட்டு. கூடவே திரிகிற குரங்கு பேர்? ஜக்கு. வம்புக்கு வருகிற குண்டுப் பையன்? காலியா. மொத்த ஜாதகத்தையும் ஒப்பித்துவிடும்.

அடுத்து, "உங்க மாவட்டத்துல மண்ணுக்குள்ள கெடைச்ச டைனோசர் பேரு என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை முழிக்கும். பக்கத்தில் நிற்கிற அப்பாவும் முழிப்பார். அவர்கள் மேல் தப்பில்லை. பீம் தினமும் வீட்டுக்குள் வந்து போக ஒரு சானல் இருக்கிறது. டைனோசருக்கு அந்த வசதி இல்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

டி.வி.யில் பார்த்துப் பிள்ளைகள் மயங்கிய ஒரு பாத்திரத்தைப் பொழுதுபோக்குப் பூங்காவில் கொண்டுவந்து நிறுத்துவது. அவன் பெயரில் ஒரு சவாரி, அவன் முகம் போட்ட தொப்பி, வாசலில் கை குலுக்க ஆளுயர வேஷம். இதற்கெல்லாம் பாத்திரத்தின் சொந்தக்காரரிடம் காசு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் கேரக்டர் லைசென்சிங் என்பார்கள். தமிழில் நமக்கு ஏற்கெனவே ஒரு போர்டு இருக்கிறது. எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் பந்தல் கடை வாசலில் தொங்கும்: 'பாத்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும்.'

சிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒப்பந்தம்தான். கல்யாணத்துக்கு அண்டா எடுத்தால் எத்தனை நாளைக்கு என்று சொல்ல வேண்டும். நசுங்காமல் திருப்பித் தர வேண்டும். அட்வான்ஸ் கட்ட வேண்டும். பூங்காவும் அப்படியே. எத்தனை வருஷம், எந்த எல்லைக்குள், எந்தெந்தப் பொருளுக்கு என்று எழுதிக்கொள்வார்கள். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆகவேண்டிய ஒரு குறைந்தபட்சத் தொகை. அதற்கு மேல் விற்பனையில் இத்தனை சதவிகிதம் ராயல்டி. 'நசுங்காமல்' என்பதற்கு ஒரு தடிப் புத்தகமே உண்டு: பீமின் வேட்டி எந்த ஆரஞ்சு, சிரித்தால் எத்தனை பல் தெரியலாம், இன்னொரு கம்பெனிப் பொம்மையோடு சேர்ந்து நிற்கலாமா கூடாதா என்று. வேஷத்துக்குள் இருக்கிற ஆள் குழந்தைகள் எதிரில் தலையைக் கழற்றக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பால பாடம்.

எல்லைத் தகராறும் உண்டு. 1994ல் அமெரிக்காவின் யுனிவர்சல் பூங்காக்காரர்கள் ஸ்பைடர்மேன் வகையறாவுக்காக மார்வெல் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2009ல் அந்த மார்வெலையே டிஸ்னி விலைக்கு வாங்க முடிவு செய்தது. 400 கோடி டாலர். ஆனாலும் பழைய ஒப்பந்தம் பழைய ஒப்பந்தம்தானே? மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, ஃப்ளோரிடாவில் இருக்கும் தன் சொந்தப் பூங்காவில், தன் சொந்த அவெஞ்சர்ஸ் கூட்டத்துக்கு டிஸ்னியால் ஒரு சவாரி கட்ட முடியவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே பீம் உனக்கு, தெற்கே எனக்கு என்று பாகப்பிரிவினை எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி.

டி.வி.க்கும் பூங்காவுக்கும் இந்தச் சம்பந்தம் புதிதாக வந்ததில்லை. இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். வால்ட் டிஸ்னிக்குப் பூங்கா கட்டப் பணம் போதவில்லை. ஏ.பி.சி. என்ற டி.வி. கம்பெனிக்கு நல்ல நிகழ்ச்சி இல்லை. 'நீ பணம் போடு, நான் வாராவாரம் நிகழ்ச்சி தருகிறேன்' என்று பேசி முடித்தார்கள். 1954 அக்டோபரில் 'டிஸ்னிலேண்ட்' என்ற பெயரிலேயே நிகழ்ச்சி ஆரம்பித்தது. 1955 ஜூலையில் அதே பெயரில் பூங்கா திறந்தது. நிகழ்ச்சியில் வந்த டேவி கிராக்கெட் என்ற வேட்டைக்கார வீரனைப் பார்த்துவிட்டு அமெரிக்கப் பையன்களெல்லாம் வால் வைத்த ரோமத் தொப்பி கேட்டு அழுதார்கள். இதில் ஒரு வேடிக்கை. கிராக்கெட் 1836ல் செத்துப்போன நிஜ மனிதர். அவர் பெயருக்கு யார் சொந்தம் கொண்டாடுவது? கண்ட கம்பெனியெல்லாம் தொப்பி விற்றது. இந்த வேடிக்கையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சரி, இதை எப்படி விமரிசிப்பது? சினிமாவுக்குக் கதை, நடிப்பு என்று அளவுகோல் இருக்கிறது. வாடகைப் பாத்திரம் வைத்த பூங்காவுக்கு என்ன அளவுகோல்? நான் சொல்வது ரொம்ப எளிசு. அண்டா வாடகைக்குக் கிடைக்கும், சாம்பார் கிடைக்காது. அதை நீங்கள்தான் வைக்க வேண்டும். சவாரியிலிருந்து பாத்திரத்தின் பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் அங்கே சமையல் நடக்கவில்லை, வெறும் அண்டாவைக் காட்டி டிக்கெட் கிழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உதாரணம், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மால் ஆஃப் அமெரிக்கா. 1992ல் திறந்தபோதே அதன் நடுவில் ஒரு பூங்கா வைத்தார்கள். பெயர் கேம்ப் ஸ்னூப்பி. ஸ்னூப்பி, சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த நாய். பத்திரிகையில் பிறந்து, 1965 முதல் டி.வி.யில் வந்து, வீட்டு நாய் மாதிரி ஆகிவிட்டது. 2006ல் ஸ்னூப்பி உரிமை போயிற்று. நாய் கிளம்பிவிட்டது. ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் அங்கேயே நின்றன. பெயர்? 'மாலில் உள்ள பூங்கா' என்கிற அர்த்தத்தில் ஒரு மொட்டைப் பெயர். பஸ் ஸ்டாண்டு அருகில் உள்ள டீக்கடை என்போமே, அந்த மாதிரி. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. 2008ல் நிக்கலோடியன் டி.வி. வாடகைக்கு வந்தது, பூங்காவுக்கு வேறு பெயர், வேறு பொம்மைகள். வீடு அதேதான், குடித்தனம்தான் மாறியது.

எதிர் உதாரணமும் சொல்ல வேண்டும். 'சிம்ப்சன்ஸ்' டி.வி. கார்ட்டூனை வைத்து யுனிவர்சல் பூங்காக்களில் 2008ல் ஒரு சவாரி வந்தது. அதற்கு முன்னால் அதே கட்டடத்தில், கிட்டத்தட்ட அதே இயந்திரத்தில், 'பேக் டு த ஃப்யூச்சர்' என்ற சினிமாவின் சவாரி ஓடிக்கொண்டிருந்தது. பழைய மொந்தை புதுக் கள்ளு என்றுதானே நினைப்பீர்கள்? ஆனால், சமைத்திருந்தார்கள். சிம்ப்சன்ஸ் என்றால் எல்லாவற்றையும் நக்கல் அடிக்கிற குடும்பம். அதனால் சவாரியே, கஞ்சத்தனமாகக் கட்டப்பட்ட ஒரு மட்டமான பூங்காவைப் பற்றிய நக்கலாக அமைந்தது. பூங்காவுக்குள் நின்றுகொண்டு பூங்காவைக் கேலி செய்வது! பெயரை எடுத்துவிட்டால் அங்கே கேலியும் இல்லை, சவாரியும் இல்லை. பாஸ். (2019ல் சிம்ப்சன்ஸ் குடும்பமும் டிஸ்னி கைக்குப் போனது. அதன் பிறகும் அவர்கள் யுனிவர்சலில்தான் குடியிருந்தார்கள். வாடகை ஒப்பந்தத்தின் மகிமை.)

இங்கிலாந்தில் பெப்பா பிக் என்று ஒரு பன்றிக்குட்டி, 2004ல் டி.வி.க்கு வந்தது. 2011ல் ஹாம்ப்ஷயரில் பால்டன்ஸ் பார்க் என்ற குடும்பப் பூங்கா அதற்கு ஒரு தனி உலகம் கட்டியது. பெப்பாவுக்கு உலகத்திலேயே பிடித்த காரியம் சேற்றுக் குட்டையில் தொபுக்கென்று குதிப்பது. ஆகவே, பிள்ளைகள் குதித்து நனைய அங்கே ஓர் இடம். அவ்வளவுதான் சூட்சுமம். டி.வி.யில் பாத்திரம் செய்வதைப் பிள்ளை தானே செய்ய முடிந்தால், கொடுத்த காசுக்கு அர்த்தம் வந்துவிடுகிறது. 2021ல் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன், பெரிய தொழிலதிபர்கள் கூட்டத்தில் பேச்சுக் காகிதத்தில் இடம் தவறித் தடுமாறி, அதே பேச்சில் பெப்பா உலகத்துக்குப் போய் வந்த கதையைச் சொல்லிப் புகழ்ந்தார். பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அரசியல் எப்படியோ, பூங்கா விமரிசனத்தில் மனுஷன் தப்பாகச் சொல்லவில்லை.

வாடகை பாக்கிச் சண்டைக்கும் குறைவில்லை. 'செசமி ஸ்ட்ரீட்' பொம்மைகளை வைத்து பென்சில்வேனியாவில் 1980 முதல் ஒரு பூங்கா நடக்கிறது. பின்னாளில் அதை நடத்திய சீவேர்ல்ட் கம்பெனி, கொரோனாவில் பூங்கா மூடியிருந்ததைக் காரணம் காட்டி ராயல்டியை நிறுத்தியது. மத்தியஸ்தர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னார். பந்தல் கடைக்காரர் மாதிரிதான். மழை வந்து கல்யாணம் நின்றுபோனால் அது உங்கள் பாடு, அண்டாவுக்குக் கொடுப்பதைக் கொடுங்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

சோட்டா பீம் ஹைதராபாத் பிள்ளை. ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்டு அனிமேஷன் உருவாக்கி, 2008ல் போகோ சானலில் வந்தான். சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாதனை. அதற்கு முன்னால் நம் பிள்ளைகளின் பென்சில் பாக்ஸில் இருந்ததெல்லாம் அமெரிக்க எலியும் ஜப்பான் பூனையும்தான். வேட்டி கட்டி, லட்டு தின்கிற ஒருவன் பென்சில் பாக்ஸில் ஏறியதே ஒரு சின்ன சுதந்திரப் போராட்டம். அந்த உழைப்புக்கு ராயல்டி வாங்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

மும்பை-புனே நெடுஞ்சாலையை ஒட்டி, கோப்போலி பக்கம் 2013ல் அட்லாப்ஸ் இமேஜிகா என்ற பூங்கா திறந்தது. மன்மோகன் ஷெட்டி கட்டியது. 'மிஸ்டர் இண்டியா' சினிமா பெயரில் ஒரு சவாரி வைத்தார்கள். பின்னால் சோட்டா பீம் பெயரிலும் ஒரு சவாரி வந்தது. இரண்டும் வாடகைப் பாத்திரம். ஆனால் அந்தப் பூங்காவில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார்: ராஜாசாரஸ்! படகில் ஏறி, டைனோசர் காட்டுக்குள் போய், கடைசியில் தண்ணீரில் தடாலென்று விழுகிற சவாரி. ராஜாசாரஸ் யாருடைய கற்பனையும் இல்லை. குஜராத்தில், நர்மதைப் பக்கத்து மண்ணில், 1980களில் நம் புவியியல் துறைக்காரர்கள் தோண்டி எடுத்த எலும்பு. 2003ல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் என்று விஞ்ஞானப் பெயர் சூட்டினார்கள். பத்தே வருஷத்தில் அது ஒரு பூங்காவின் கதாநாயகன் ஆகிவிட்டது. இதற்கு யாருக்கும் ஒரு பைசா வாடகை கிடையாது.

அந்தப் பூங்காவில் எனக்குப் பெரிய சமாசாரமாகத் தெரிவது அதுதான். பீமை வாடகைக்கு எடுத்தது வியாபார புத்தி. ராஜாசாரஸைக் கண்டுபிடித்தது கற்பனை. பீம் ஒப்பந்தம் முடிந்தால் பீம் கிளம்பிவிடுவான். ராஜாசாரஸ் எங்கே போவார்?

பிரபலமான பாத்திரம் இருந்தால் கூட்டம் தானாக வரும் என்பதும் பாதிதான் நிஜம். துபாயில் 2016ல் பாலிவுட் பார்க்ஸ் என்று ஒன்று திறந்தார்கள். ஷோலே, லகான், டான் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். 2023ல் மூடிவிட்டார்கள். மலேசியாவில் நம் ஜனங்கள் நிறையப் பேர் வாழும் ஈப்போவில் 2017ல் கார்ட்டூன்களுக்கென்றே ஒரு பூங்கா வந்தது. 2020 ஆரம்பத்தில் கதவைச் சாத்தியது. மூடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் கடன்காரன் வாசலில் நிற்கும்போது எந்த சூப்பர் ஹீரோவும் வந்து காப்பாற்றுவதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2002ல் பம்பாய் ஹைகோர்ட்டில் ஒரு ருசியான வழக்கு. ஸ்டார் டி.வி.யின் புகழ்பெற்ற மாமியார்-மருமகள் சீரியலின் பெயரையும் பாத்திரங்களையும் நினைவூட்டுகிற மாதிரி ஒரு சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. 'எங்கள் பாத்திரங்களின் வியாபார உரிமை பறிபோகிறது' என்று ஸ்டார் கோர்ட்டுக்குப் போனது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு பாத்திரத்தின் பெயரில் பொருள் விற்கிற உரிமையைக் கேட்க வேண்டுமானால், அந்தப் பாத்திரம் சீரியலைத் தாண்டித் தனியாக ஜனங்கள் மத்தியில் ஒரு பெயர் எடுத்திருக்க வேண்டும் என்றது. எண்ணிப் பாருங்கள், எத்தனை சீரியல் மாமியார்கள் இந்தத் தேர்வில் பாஸாவார்கள்! பீம் பாஸ்.

அமெரிக்காவில் 2001ல் இன்னொரு தீர்ப்பு. பார்னி என்ற ஊதா நிற டி.வி. டைனோசரைப் போலவே ஒரு வேஷத்தை ஒரு கடை வாடகைக்கு விட்டது. 'வாடகைக்கு எடுப்பவர்கள் பெரியவர்கள், அவர்களுக்கு இது அசல் இல்லை என்று தெரியும்' என்றது கீழ்க்கோர்ட். மேல்கோர்ட் அதை மறுத்தது: வேஷத்தைப் பார்த்துக் குதிக்கப் போவது குழந்தைகள், ஆகவே குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது. பூங்கா கட்டுகிற ஒவ்வொருவரும் சட்டம் போட்டு மாட்ட வேண்டிய வாசகம் இது.

நம் ஊர் ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில், மே மாத வெயிலில், பஞ்சு வைத்துத் தைத்த பீம் வேஷத்துக்குள் ஒருவர் வெந்துகொண்டு நிற்கிறாரே, பார்த்திருக்கிறீர்களா? லைசென்ஸ் இருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. தண்ணி வேணுமா என்றும் கேட்பதில்லை. குழந்தை மட்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறது. அதன் கண்ணுக்கு அது அசல்.

திருவிழா ராட்டினமும் அப்படித்தான். தகரத்தில் பெயின்டர் கையால் வரைந்த பீம். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே, கன்னத்தில் எம்.ஜி.ஆர். களை. சட்டப்படி பார்த்தால் தப்பு. அதற்காக ராட்டினக்காரரைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்தப் பெயின்டருக்குக் கை நன்றாகவே வருகிறது. முனீஸ்வரனை வரைந்தால் மீசை துடிக்கும். குதிரை வரைந்தால் தகரத்தை விட்டுப் பாயும். அந்தக் கையை நாம் அடுத்தவர் பொம்மைக்கு நகல் எடுக்க மட்டும் வைத்துவிட்டோம்.

டி.வி. விஷயத்திலும் அதே கதை. 2007ல் சுட்டி டி.வி. வந்தது. டோரா தமிழ் பேசினாள். ஒரு தலைமுறையே அவளோடு சேர்ந்து வழி கேட்டுப் போய்ப் பழகியது. தமிழில் குரல் கொடுத்தவர்கள் பிரமாதப்படுத்தினார்கள். ஆனாலும் அந்தப் பெண் நிக்கலோடியன் வீட்டுப் பெண். அதற்கு முன்பே சன் டி.வி.யில் 'மை டியர் பூதம்' வந்து பிள்ளைகள் பைத்தியமாக இருந்தார்களே, அந்தப் பூதத்தைப் பார்க்க நீங்கள் எந்தப் பூங்காவுக்குப் போனீர்கள்?

பொது ஊருணி என்று ஒன்று இருக்கிறது. பீமன் மகாபாரதத்துக்காரன், நம் எல்லோருக்கும் சொந்தம். சிலகா அந்த ஊருணியில் ஒரு குடம் மொண்டார். வேட்டி கட்டினார், லட்டு கொடுத்தார், தன்னுடையது ஆக்கிக்கொண்டார். ஸ்னோ ஒயிட் கதையில் டிஸ்னி செய்ததும் அதுதான். 1995ல் தாம்பரம் பக்கத்தில் பூங்கா கட்டிய நவோதயா அப்பச்சன், 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தவர், ராமாயணத்திலிருந்து 'கிஷ்கிந்தா' என்ற பெயரை இலவசமாக எடுத்துக்கொண்டார். 2025 டிசம்பரில் சென்னைக்கு வெளியே திறந்த வொண்டர்லாவில் ஒரு ரோலர் கோஸ்டருக்குத் 'தஞ்சோரா' என்று பெயர். நல்ல ஆரம்பம். ஊருணியில் மொள்ளத் தடையில்லை; குடம் வேண்டும், குனிய வேண்டும். அவ்வளவே.

காகிதத்தின் மகிமையை விக்கிரமங்கலத்துக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்குப் பக்கத்தில்தான் ஸ்ரீபுரந்தான். அந்தக் கோயில் நடராஜர் திருடுபோய், போலிக் காகிதங்களோடு 2008ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலர் சுமாருக்கு விற்கப்பட்டு, 2014ல் திரும்பி வந்தார். நம்மிடம் இருப்பதன் மதிப்பு, அடுத்தவன் அதற்கு விலைச்சீட்டு ஒட்டிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது. எத்தனை காலமாக இந்தப் பழக்கம் என்று தெரியவில்லை.

இனி, ஆரம்பத்தில் கேட்ட டைனோசருக்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடல். சுருள் நத்தை போன்ற அம்மோனைட்டுகள் பாறையில் பதிந்து கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940ல் புவியியல் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டு சொன்னது. 1979ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தப் பகுதி எலும்புகளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? திராவிடோசாரஸ்! அது தரையில் நடந்த டைனோசரா, கடலில் நீந்திய பிராணியா என்று பிற்பாடு பட்டிமன்றமே நடந்தது. பெயரிலேயே திராவிடம் இருக்கிறபோது சர்ச்சை இல்லாமல் இருக்குமா?

அதே இருவர் 1980களின் கடைசியில் இன்னொன்றுக்குப் பெயரிட்டார்கள். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்தது. ப்ருஹத்காயோசாரஸ், பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். அதன் கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். சோகம் என்னவென்றால், தோண்டி எடுத்த எலும்புகள் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டன. எலும்பே இல்லை, கல்லான மரம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் பேச்சு மறுபடி சூடு பிடித்தது. ஒரு நல்ல கதாநாயகனுக்கு இதைவிடப் பெரிய கதை எந்த டி.வி. எழுத்தாளரால் எழுத முடியும்? மாபெரும் உருவம், கையில் கிடைத்ததும் தூளாகிவிட்ட உடம்பு, பாக்கி இருப்பது சில போட்டோக்கள்.

திராவிடோசாரஸுக்குப் பெயர் வைத்த அதே 1979ல்தான் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலையும் வந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லை அரைத்துத்தான் சிமென்ட் ஆக்குகிறோம். அந்தச் சிமென்ட்டை வாங்கிக்கொண்டு போய், நம் ஊர்ப் பூங்காக்களில் என்ன செய்து வைக்கிறோம்? வாயைப் பிளந்து நிற்கிற டி-ரெக்ஸ்! வட அமெரிக்கப் பிராணி, ஹாலிவுட்டில் பார்த்தது. உள்ளூர்க் கடலை அரைத்து வெளியூர் டைனோசருக்குச் சிலை. வாடகைகூடக் கேட்காமல் நாமே அடிமைச் சாசனம் எழுதிக்கொடுத்த மாதிரி.

மழைத் தண்ணீர் நிற்கிற பழைய சுண்ணாம்புச் சுரங்கக் குழி ஒன்றில் படகு விட்டு, இதுதான் அந்தக் கடல் என்று சொல்லலாம். அம்மோனைட் சுருளில் ஒரு சறுக்குமரம் கட்டலாம். அதற்கும் முன்னால், அரை மணி நேர கார்ட்டூன் ஒன்றைத் தமிழில் எடுக்கலாம். பாத்திரம் பிள்ளைகள் மனசில் முதலில் ஏறட்டும். பூங்கா பின்னால் வரட்டும். 1954ல் டிஸ்னி போன வழி அதுதான்.

நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த லீவுக்குப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது, சவாரி முடிந்து இறங்கியதும், "என்ன கதை நடந்துச்சு உள்ளே?" என்று கேளுங்கள். "பீம் இருந்தான்" என்று மட்டும் பதில் வந்தால், நீங்கள் கொடுத்தது அண்டா வாடகை. "நாங்க ஓடினோம், அவன் துரத்தினான், நான்தான் கதவைத் தொறந்துவிட்டேன்" என்று மூச்சு விடாமல் ஆரம்பித்தால், சாம்பார் வெந்திருக்கிறது. கட்டணம் நியாயம்.

கடைசியாக ஒரு கணக்கு. நம் காப்புரிமைச் சட்டப்படி டி.வி. படத்துக்கு வெளியான வருஷத்துக்குப் பின் 60 வருஷம் உரிமை. பீமின் முதல் படங்கள் 2068 முடியும்வரை சொந்தக்காரர் கையில். பெயரும் முத்திரையும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் அதற்கப்புறமும் போகும். அதுவரை வாடகை கட்டியே ஆக வேண்டும். கல்லமேட்டுப் பெரிய உடம்புக்காரர் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அவர் காலமாகி ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரிசு என்று யாரும் வந்து கேஸ் போட மாட்டார்கள். டேவி கிராக்கெட்டின் தொப்பி மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வரைகிறவர் ஒருவர்தான் வர வேண்டும்.